சமமாக வந்தவர்களை என்ன செய்வது? – தரவரிசைச் சூத்திரத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

ஒரு பட்டியலில் பதினொன்றாவதாக நின்றுபோன ஒரு பெயரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பதினொன்றாவதாக நிறுத்தியவன் நான் என்பதால் தன்மை ஒருமையில் எழுதுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

2004இல் எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று, கல்லூரிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுப்பதாக அறிவித்தது. எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்று பட்டியல் போடும் வேலையை என்னிடம் தந்தார்கள். வந்தவை 43 விண்ணப்பங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 60, குடும்ப நிலைமைக்கு 30, கையால் எழுதித் தரும் கடிதத்துக்கு 10. மூன்றையும் கூட்டி ஒரு பத்தி, அதற்குப் பக்கத்தில் ரேங்க் என்று இன்னொரு பத்தி. எக்செல் ஷீட்டில் இது கால் மணி நேர வேலை.

பத்தாவது இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள். இருவருக்கும் 71. எக்செலின் ரேங்க் சூத்திரம் இருவருக்கும் 10 என்றே போட்டது. அடுத்தவருக்கு 12. பதினொன்று என்ற எண்ணே பட்டியலில் இல்லை. பத்துக்குள் வந்தவர்களை வடிகட்டினால் பதினொரு பெயர் விழுந்தது. செயலாளர் பார்த்துவிட்டு, "தம்பி, பத்துன்னா பத்துதான். கம்ப்யூட்டர்ல போட்டும் பதினொண்ணு எப்படி வருது?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. ரேங்க் சூத்திரத்தின் முடிவில் கவுண்ட்இஃப் என்ற இன்னொரு சூத்திரத்தை வால் மாதிரி ஒட்டவைத்தால் போதும். 'இந்த மதிப்பெண் மேலேயிருந்து இந்த வரி வரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணு, அதில் ஒன்றைக் கழி, மிச்சத்தை ரேங்க்கோடு கூட்டு' என்பதுதான் அந்த வால். முதலில் வரும் 71க்கு ஒன்றில் ஒன்று போக பூஜ்யம், ஆகவே அது 10. இரண்டாவதாக வரும் 71க்கு இரண்டில் ஒன்று போக ஒன்று, ஆகவே அது 11. ஒரே நொடியில் சமம் காணாமல் போயிற்று. பத்துப் பெயர் பத்துப் பெயராகவே நின்றது. செயலாளருக்கு நிம்மதி, எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

நாலாம் நாள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அறிவிப்புப் பலகையில் பட்டியலைப் பார்த்திருக்கிறார். "மார்க் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே சார் போட்டிருக்கு. எம் பொண்ணு மட்டும் எப்படி சார் பதினொண்ணு?" என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது: "அது கம்ப்யூட்டர் போட்டதுங்க."

அது பொய். மேலே இருந்த 71, ஷீட்டில் 9ஆவது வரி. கீழே இருந்த 71, 38ஆவது வரி. விண்ணப்பம் வந்து சேர்ந்த வரிசையில்தான் நான் வரிகளைத் தட்டியிருந்தேன். டவுனில் இருப்பவர்கள் முதல் நாளே கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரே பஸ் போகும் கிராமத்தில் இருப்பவர்கள் தபாலில் போட்டார்கள். அந்த வால் கேட்டது ஒரே கேள்வி: யார் முதலில் வந்தது? தகுதி, வறுமை, கடிதம் எதையும் அது கேட்கவில்லை. பந்திக்கு முந்தியவனுக்கு இலை. அவ்வளவுதான் சங்கதி.

ஒரு சூத்திரத்தின் வாலுக்குள் இவ்வளவு ஊர் அரசியல் இருக்க முடியுமென்றால், சூத்திரத்தின் தலைக்குள் என்ன இருக்கும்? அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் கீழே வருபவை.

2

நம் வீடுகளில் பள்ளி முன்னேற்ற அறிக்கைக்கு 'ரேங்க் கார்டு' என்றுதான் பெயர். மதிப்பெண் அட்டை என்று யாரும் சொல்வதில்லை. கணக்கில் 92 வாங்கினவனிடம் அப்பா கேட்கும் அடுத்த கேள்வி "கிளாஸ்ல எத்தனாவது?" என்பது. 92 என்ற எண் தனியாகப் பேசுவதில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு எண் வந்து நின்றால்தான் கையெழுத்து விழும். இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

எழுத்துத் தேர்வு வைத்து ஆட்களை வரிசைப்படுத்துவதில் மூத்தவர்கள் சீனர்கள். சுய் வம்ச காலத்தில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகி 1905இல் ஒழிக்கப்படும்வரை அவர்களுடைய அரசுப் பணித் தேர்வு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நடந்தது. சோங் வம்ச காலத்தில் விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று எழுத்தர்களை வைத்து விடைகளை வேறு தாளில் படியெடுத்த பிறகுதான் திருத்தக் கொடுத்தார்கள். வரிசைக்குள் அதிகாரம் கை நுழைக்கும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றுதானே இதற்கு அர்த்தம்?

ஐரோப்பாவில் இதன் பெரிய உலைக்கூடம் கேம்பிரிட்ஜ். அங்கே கணிதத் தேர்வுக்கு டிரைபாஸ் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தேறியவர்கள் பெயரை வரிசைக்கிரமமாக அச்சிட்டு வெளியிட்டார்கள். முதல் வகுப்பில் தேறியவர் ராங்லர், அவர்களில் முதல்வர் சீனியர் ராங்லர். தேறியவர்களில் கடைசி ஆளுக்கு நிஜமாகவே ஒரு பெரிய மரக்கரண்டியைப் பட்டமளிப்பு விழாவில் சக மாணவர்கள் கொடுத்துக் கேலி செய்வார்கள். தலைக்கு மகுடம், வாலுக்குக் கரண்டி. வாய்மொழி விவாதமாக இருந்த தேர்வு மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வாக மாறியது. விவாதத்தில் 'நன்றாகப் பேசினான்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். தாளில் எழுதினால் எண் போடலாம், எண்ணைக் கூட்டலாம், கூட்டியதை அடுக்கலாம்.

மிஷல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட தண்டனையின் வரலாறு பற்றிய நூலில், தேர்வு என்பது படிநிலைக் கண்காணிப்பும் இயல்பாக்கும் தீர்ப்பும் சந்திக்கும் இடம் என்று விளக்குகிறார். நம் மொழியில் சொன்னால், பார்க்கிற கண்ணும் அளக்கிற கோலும் ஒரே கையில் வந்து சேரும் இடம். அதன்பிறகு ஆள் ஒரு 'கேஸ்' ஆகிறான். எக்செல் மொழியில் சொன்னால் ஒரு வரி ஆகிறான்.

கேம்பிரிட்ஜ் பட்டியலில் மூன்று வரிகளை மட்டும் பார்ப்போம்.

1890இல் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண் கணிதத் தேர்வில் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கினார். பெண்கள் தேர்வு எழுதலாம். ஆனால் பட்டமும் கிடையாது, ஆண்களின் வரிசையில் இடமும் கிடையாது. அவர்களுடைய பட்டியலைத் தனியாகப் படித்து, 'இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையில்' என்று சொல்வார்கள். ஃபாசெட்டின் பெயருக்கு எதிரில் 'சீனியர் ராங்லருக்கு மேலே' என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒன்றுக்கு மேலே என்ன எண்? அந்த இடத்துக்கு எண் இல்லை. சீனியர் ராங்லர் பட்டமோ பட்டியலில் அவருக்குக் கீழே வந்த ஆணுக்கே போயிற்று. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்.

1899இல் சீனியர் ராங்லர் ஆன முதல் இந்தியர் ஆர். பி. பராஞ்ச்பே. அவர் தனியாக முதலிடம் பெறவில்லை. ஜார்ஜ் பர்ட்விசில் என்பவரோடு சமமாக வந்தார். கேம்பிரிட்ஜ் என்ன செய்தது? இருவர் பெயரையும் ஓர் அடைப்புக்குள் போட்டு இருவருமே சீனியர் ராங்லர் என்று அறிவித்தது. ஒரு பேரரசின் பல்கலைக்கழகம், அடிமை நாட்டு மாணவனையும் தன் நாட்டு மாணவனையும் சமமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க முடிந்திருக்கிறது. எங்கள் அறக்கட்டளையாலும் என்னாலும் 2004இல் அது முடியவில்லை.

மூன்றாவது வரி ஜி. எச். ஹார்டி. 1898இல் நான்காவது ராங்லர். வரிசைக்காகவே பயிற்சி கொடுக்கும் அந்த முறை கணிதத்தையே கெடுக்கிறது என்று எதிர்த்தவர்களில் முக்கியமானவர். 1909ஆம் ஆண்டுப் பட்டியலோடு வரிசைக்கிரமமாக வெளியிடும் வழக்கம் நின்றது. அதே ஹார்டிதான் கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜனை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர். எந்த ஷீட்டிலும் ராமானுஜனுடைய ரேங்க்கைத் தேடினால் கிடைத்திருக்காது. வரிசையை நம்பாத ஓர் ஆளின் கண்ணில்தான் அவர் பட்டார் என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

3

வரிசை என்பது எதைத் தின்கிறது என்று காட்டியவர், வேடிக்கையாக, வரிசையின் பெரிய பக்தரான பிரான்சிஸ் கால்ட்டன். பிறவி மேதைமை குறித்து 1869இல் அவர் எழுதிய நூலில் கேம்பிரிட்ஜ் மதிப்பெண்களை எடுத்துப் பேசுகிறார். தேறியவர்களில் கடைசி ஆள் வாங்கியது 300க்கும் குறைவு. ராங்லர்களில் கடைசி ஆள் சுமார் 1,500. சீனியர் ராங்லர் 7,500க்கும் மேல். இந்தப் பள்ளமும் மேடும் ரேங்க்கில் தெரியவே தெரியாது. அங்கே எல்லாருக்கும் நடுவில் ஒரே அகலப் படிக்கட்டு: ஒன்று, இரண்டு, மூன்று. சில நேரம் படிக்கு நடுவே ஒரு மயிரிழை, சில நேரம் ஒரு மலை. ரேங்க் இரண்டையும் 'ஒன்று' என்றே சொல்லும். அளவைகளை நான்கு வகையாகப் பிரித்து எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது: வரிசை எண்ணுக்கு முன்பின் உண்டு, தூரம் கிடையாது.

கால்ட்டன் இந்த எண்களிலிருந்து கண்ட முடிவு என்ன? மேதைமை ரத்தத்தில் ஓடுகிறது, குடும்பம் வழியாக இறங்குகிறது. 1883இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. நல்ல இனத்தைப் பெருக்குவது, மற்றதைக் குறைப்பது. தேர்வுப் பட்டியலிலிருந்து அங்கே போய்ச் சேர அவருக்குப் பதினான்கு வருஷம் பிடித்தது. 1904இல் ஸ்பியர்மேன், பிள்ளைகளின் ரேங்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் கணக்கைத் தந்தார். அதே ஆண்டில் 'பொது அறிவுத்திறன்' என்ற ஒற்றைப் பொருள் எல்லாருக்குள்ளும் கூடக்குறைய இருக்கிறது என்றும் வாதிட்டார். வரிசை முதலில் வந்தது. வரிசைக்குக் காரணமாக ஒரு பொருள் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது. சாதிக்கு நடந்ததும் இதுதானே? படிக்கட்டைக் கட்டிவிட்டு, ஏறி நிற்பவனின் பிறப்பில் காரணம் தேடுவது. அம்பேத்கர் இந்தியச் சமூகத்தைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னபோது, எல்லாரும் சமமாக ஒடுக்கப்படவில்லை, ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் சுட்டினார்.

எதிர்க்குரலும் அந்தக் காலத்திலேயே இருந்தது. எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888இலும் 1890இலும் தேர்வுகளைப் பற்றிப் புள்ளியியல் கட்டுரைகள் எழுதினார். அதே தாளை வேறொருவர் திருத்தினால் வேறு எண் வரும். ஆகவே வெற்றி தோல்விக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் கதி பெருமளவுக்குத் தற்செயல்தான் என்று காட்டினார். முதலிடத்தையும் கடைசி இடத்தையும் பற்றி நமக்கு நிச்சயம் இருக்கலாம். ஆனால் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே கோடு கிழிக்கும்போது நாம் சீட்டுப் போட்டுப் பார்க்கிறோம், அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். எந்த நோட்டீஸ் போர்டிலும் அதை ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

4

கூட்டல் பத்திக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நம்மூர்ச் சரித்திரமே சாட்சி. கும்பெனியின் சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வைக்கலாம் என்று மெக்காலே தலைமையிலான குழு 1854இல் பரிந்துரைத்தது. முதல் தேர்வு 1855இல் லண்டனில் நடந்தது. சிபாரிசு ஒழிந்து தகுதி வந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தக் குழு பாடங்களுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணைப் பாருங்கள்: கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபுக்கு 375. தமிழ் போன்ற நாட்டு மொழிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆளப்போவது யாரையோ அவர்கள் பேசும் மொழிக்குப் பூஜ்யம். அதன்பிறகு கூட்டல் நேர்மையாகவே நடக்கும், வரிசை அப்பழுக்கில்லாமல் விழும். யாரும் யாரையும் விலக்கத் தேவையில்லை, பத்தியின் தலையில் இருக்கும் எண் விலக்கிவிடும். சத்யேந்திரநாத் தாகூர் 1863இல் உள்ளே நுழைந்தார் என்றால், கடல் தாண்டி லண்டன் போய் அவர்கள் போட்ட எடையில் ஏறி நின்று காட்டினார் என்று அர்த்தம். இந்தியாவிலும் அந்தத் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எடை ஒரு பக்கம். வீச்சு இன்னொரு பக்கம். ரேங்க் சூத்திரத்துக்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும். ஒன்று, இந்த ஆளின் மதிப்பெண். இரண்டு, எவரெவரோடு ஒப்பிட வேண்டும் என்ற வீச்சு. அது செய்வது ஒரே வேலை: அந்த வீச்சுக்குள் இவரைவிட அதிகம் வாங்கியவர்களை எண்ணி, ஒன்று கூட்டும். உன் ரேங்க் என்பது உன்னைப் பற்றிய செய்தியே அல்ல, உனக்கு மேலே எத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி.

இந்த வீச்சைப் பூட்டுவதற்கு டாலர் குறி போட வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, அதைப் போடாமல் சூத்திரத்தைக் கீழே இழுப்பது. இழுக்க இழுக்க வீச்சும் கூடவே கீழே நழுவும். ஐந்தாவது வரி தனக்கு மேலே இருக்கும் நாலு வரியைப் பார்க்காது. கடைசி வரி தன்னை மட்டுமே பார்த்துக்கொண்டு 'நான்தான் முதல்' என்று சொல்லும். எல்லாருக்கும் நல்ல ரேங்க்! முதன்முதலில் இதைப் பார்த்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால், ஊரில் பாதிப் பேருடைய பெருமை இப்படி டாலர் குறி போடாத சூத்திரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1920களில் நீதிக்கட்சிக் காலத்தில் பிறந்த வகுப்புவாரி அரசாணை, பின்னர் திருத்தப்பட்டுக் கல்லூரிச் சேர்க்கையில் இப்படி இருந்தது: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் உயர்நீதிமன்றம் 1950இலும் உச்சநீதிமன்றம் 1951இலும் இதைச் செல்லாது என்றன. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது வழக்கிலேயே பதிவான செய்தி. ஷீட்டில் வரியே இல்லாதவரின் ரேங்க் ஷீட்டையே கிழித்துவிட்டது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியும் அதே 1951இல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தமும் வாசகர்கள் அறிந்தவை.

இந்த வாதம் எப்போதும் 'தகுதியா, ஒதுக்கீடா' என்றே நடத்தப்படுகிறது. ஷீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இந்த எதிர்வு கரைந்துபோகிறது. பொது ரேங்க் வேண்டுமானால் ஒரு நிபந்தனை: மதிப்பெண் என்னைவிட அதிகமா? வகுப்பு ரேங்க் வேண்டுமானால் இரண்டு நிபந்தனை: வகுப்பு என் வகுப்பா, மதிப்பெண் என்னைவிட அதிகமா? கவுண்ட்இஃப் என்பது கவுண்ட்இஃப்ஸ் ஆகிறது, அவ்வளவே. முதலாவது இயற்கை, இரண்டாவது செயற்கை என்று எக்செல் சொல்லவில்லை. பொது ரேங்க்கும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த வீச்சுதான். மாவட்டம் எல்லையா, மாநிலம் எல்லையா, இந்தியா முழுவதுமா? இந்த ஆண்டு எழுதியவர்களா, மூன்று வருஷம் கோச்சிங் போனவர்களுமா? நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் தமிழக அரசு 7.5 விழுக்காடு ஒதுக்கியபோது செய்தது வீச்சைத் திருத்தி எழுதியதுதான். எந்த வீச்சும் எழுதப்பட்டதே. எழுதப்பட்டதாகத் தெரியாத வீச்சுக்குத்தான் 'பொது' என்று பெயர்.

5

எக்செலுக்கு முன் விசிகால்க். 1979இல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்காக டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செய்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த பிரிக்ளினுக்கு, கரும்பலகையில் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லா எண்ணையும் அழித்து எழுத வேண்டியிருப்பதிலிருந்து யோசனை வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3. 1985இல் மெக்கிண்டாஷுக்கும் 1987இல் விண்டோசுக்கும் எக்செல்.

நான் 1992இல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றோடு ஒட்டிய அறையில் லோட்டஸ்தான் படித்தேன். சாய்கோடு அழுத்தி, டேட்டா, பிறகு சார்ட். அது பிரைமரி கீ கேட்கும்: எதை வைத்து அடுக்க? பிறகு செகண்டரி கீ: அது சமமாக இருந்தால் எதை வைத்து? அந்த இரண்டாவது கேள்வியின் அருமை எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. 'சமமானவர்களை என்ன செய்யப் போகிறாய்?' என்று மெஷினே நம்மைப் பார்த்துக் கேட்டது. பதில் நாம்தான் சொல்ல வேண்டும். ரேங்க் சூத்திரத்தில் ஒட்டும் வால் அப்படிக் கேட்பதில்லை. வரி எண்ணை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறது.

2010 எக்செலில் ரேங்க்கை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று சமமானவர்களுக்கு மேல் ரேங்க்கையே கொடுக்கும், என் பட்டியலில் வந்ததுபோல 10, 10. இன்னொன்று சராசரியைக் கொடுக்கும், 10.5, 10.5. புள்ளியியலாளர்களுக்கு இரண்டாவது பிடிக்கும். கடைக்காரருக்கு முதலாவது. பத்தரை என்ற இடத்துக்கு எந்த அறக்கட்டளையும் செக் எழுதாது. ஆனால் இரண்டு சூத்திரமும் சமம் என்ற உண்மையை மறைக்கவில்லை. மறைத்தது என் வால்.

இன்னொரு பேய் உண்டு. கம்ப்யூட்டர் இரண்டடிமான எண்களில் கணக்குப் போடுவதால் 0.1 போன்ற தசமங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ள அதனால் முடியாது. சமமாக இருக்க வேண்டிய இரண்டு கூட்டுத்தொகை எங்கோ பதினைந்தாவது இலக்கத்துக்கு அப்பால் வேறுபடும். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், சூத்திரம் ஒன்றை மேலே வைத்துவிடலாம். ஆகவே ரவுண்ட் போட்டுவிட்டுத்தான் ரேங்க் போட வேண்டும். எத்தனை பட்டியல்களில் அதைப் போட்டிருப்பார்கள்?

6

பெரிய பட்டியல்களில் இந்த வால் பெரிய வால். நம் பொறியியல் சேர்க்கையில் கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரே கட் ஆஃபில் கூட்டமாக வந்து நிற்பவர்களை முதலில் கணிதத்தை வைத்தும் பிறகு இயற்பியலை வைத்தும் பிரிப்பார்கள். அப்புறமும் பிரியாவிட்டால் வேறு சில மதிப்பெண்கள், அதற்கும் பிறகு பிறந்த தேதி, மூத்தவர் முதலில். அதுவும் ஒன்றென்றால் கடைசியாக ரேண்டம் எண். ஆண்டுதோறும் ரேண்டம் எண் வெளியிடும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. 'இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது, சீட்டுக் குலுக்கிவிட்டோம்' என்று ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் அபூர்வமான இடம் அது. குலுக்கலில் டவுன், கிராமம் இல்லை. என் வரி எண்ணில் இருந்தது.

2024 நீட் முடிவில் 67 பேர் 720க்கு 720 வாங்கி முதல் ரேங்க் பெற்றதாக ஜூன் மாதம் வந்தது. தேர்வு நேரம் குறைந்ததற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டிருந்தது வெளியே தெரிந்தது. பிறகு அது ரத்தாகி, மறுதேர்வு நடந்து, இயற்பியல் கேள்வி ஒன்றின் விடை உச்சநீதிமன்றம்வரை போய்த் திருத்தப்பட்ட பின், முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 17 பேர் என்று ஆனது. ஒரு கேள்வியின் ஒரு விடை மாறினால் நாடு முழுவதும் வரிசை கலைந்து மறுபடி அடுக்கப்படுகிறது. பிரிக்ளின் கண்ட கனவு இதுதான். ஆனால் கரும்பலகையில் அழித்து எழுதப்பட்டது பிள்ளைகள்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இங்கே சொல்லாமல் போக முடியாது. பிளஸ் டூவில் 1,200க்கு 1,176. மருத்துவக் கட் ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் 720க்கு 86. ஒரே ஆண்டு, ஒரே மாணவி, இரண்டு பத்தி. மாநிலப் பத்தியை வைத்து அடுக்கியிருந்தால் அவர் டாக்டர். அடுக்கும் பத்தியை மாற்றினார்கள். உச்சநீதிமன்றம்வரை போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு 2017 செப்டம்பர் 1 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1984இல் தமிழகத்தில் கொண்டுவந்த நுழைவுத் தேர்வை, கிராமத்துப் பிள்ளைகளை அது வடிகட்டுகிறது என்று 2007இல் சட்டம் போட்டு ஒழித்த மாநிலத்தில்தான் இது நடந்தது. அதே 2017இல்தான் பிளஸ் டூ முடிவில் மாநில முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழக அரசு கைவிட்டது. சின்ன வரிசை போயிற்று, பெரிய வரிசை வந்தது.

7

வரிசையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து இடமும் நாற்பத்து மூன்று பேரும் இருக்கும்வரை யாரோ பட்டியல் போடத்தான் வேண்டும். சிபாரிசுக் கடிதத்தைவிடச் சூத்திரம் மேல் என்பதை மறுக்க மாட்டேன். சிபாரிசைக் கேள்வி கேட்க முடியாது, சூத்திரத்தைக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டுமே! எந்தப் பட்டியலையும் பார்க்கும்போது மூன்றே கேள்வி போதும். எந்தப் பத்திக்கு எவ்வளவு எடை, அதை யார் வைத்தது? ஒப்பிட்டது எந்த வீச்சுக்குள், டாலர் குறியைப் போட்டது யார்? சமமாக வந்தவர்களை எதை வைத்துப் பிரித்தீர்கள், அந்த விதி விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னாலேயே எழுதப்பட்டதா? மூன்றில் ஒன்றுக்காவது 'கம்ப்யூட்டர் போட்டது' என்று பதில் வந்தால் அங்கே ஒரு மனிதன் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நானே ஒளிந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

சில வருஷம் கழித்து அந்தப் பழைய ஷீட்டைத் திறந்து பார்த்தேன். வாலை அழித்தேன். 10, 10, 12 என்று மறுபடி வந்தது. பக்கத்துக் கட்டத்தில் 50,000 வகுத்தல் 11 என்று தட்டினேன். 4,545 ரூபாய் சொச்சம். அதாவது ஆளுக்கு 455 ரூபாய் குறைத்திருந்தால் பதினொரு பேருக்கும் கொடுத்திருக்கலாம். அந்தச் சூத்திரமும் எனக்குத் தெரியும், ரேங்க்கைவிடச் சுலபமானது. அன்றைக்கு அதைத் தட்டிப் பார்க்கலாம் என்று செயலாளருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 'பத்துன்னா பத்து' என்பதுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பூட்டப்பட்ட கட்டம்.

அந்த அப்பா அதன்பிறகு வரவில்லை. அவர் கேட்டது மட்டும் இருக்கிறது: "மார்க் ஒண்ணுதானே சார்?" ஆமாங்க, ஒண்ணுதான். பிரிச்சது நான்தான்.